போர்டில் 6 பின், எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 24 பின்: எது சரியான வழி?

ஆபீஸ்கள் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர்கள் நல்ல சரக்கு. 2013இல் வந்த ஹெச்.பி. எலைட்டெஸ்க் 800 ஜி1 இன்னும் படிப்புக்கும் வேலைக்கும் தாங்குகிறது. வீட்டுப் பிள்ளை அதில் கிராபிக்ஸ் கார்டு கேட்கும்போதுதான் சிக்கல் தெரியும். பக்கத் தகட்டைக் கழற்றினால், போர்டு (மதர்போர்டு) மின்சாரம் வாங்கிக்கொள்ளும் வழக்கமான 24 பின் சாக்கெட் இருக்காது, 6 பின் சாக்கெட்தான் இருக்கும். மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். முக்கியமாக 12 வோல்ட்டைத்தான் தருகிறது. ஹார்டு டிஸ்க்குக்கான 5 வோல்ட்டைப் போர்டே தயாரித்துக்கொள்கிறது.

ஒரிஜினல் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தொடாமல், போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் தரும் கரண்டிலேயே ஓடும் கார்டு வாங்குவதுதான் என் முதல் தேர்வு. முழு அளவு ஸ்லாட் 75 வாட் வரை கொடுக்கும். ஆர்.எக்ஸ். 6400 கார்டுக்கு 53 வாட் போதும், 6 ஜிபி ஆர்.டி.எக்ஸ். 3050க்கு 70. ஜி.டி.எக்ஸ். 1650 வாங்கினால் தனி பவர் சாக்கெட் இல்லாத மாடலாகப் பார்த்து எடுங்கள். இந்த ஹெச்.பி.யின் பெரிய டவர் பெட்டியில் 320 வாட் எஸ்.எம்.பி.எஸ்., சின்னப் பெட்டியில் 240. சின்னப் பெட்டிக்குக் குட்டைக் கார்டுதான் நுழையும்.

இதைவிடப் பெரிய கார்டுதான் வேண்டுமென்றால் புது எஸ்.எம்.பி.எஸ்.ஸும் 24-க்கு-6 கன்வெர்ட்டர் கேபிளும் வாங்க வேண்டும். கவனம் தேவைப்படுவது இங்கேதான். சாதாரண எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஊதா ஒயரில் ஸ்டாண்ட்பையாக, அதாவது கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும், 5 வோல்ட் வரும். இந்த போர்டு ஸ்டாண்ட்பைக்குக் கேட்பதோ 11 வோல்ட். அதனால் வோல்டேஜை ஏற்றித் தரும் சின்ன சர்க்யூட் கேபிளின் நடுவே இருக்க வேண்டும். வெறும் ஒயரை மாற்றிக் கோத்த மலிவுக் கேபிளை வாங்காதீர்கள்.

பிராசஸருக்குப் பக்கத்தில் உள்ள 4 பின் சாக்கெட்டுக்குப் புது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 4+4 கேபிளில் பொருந்தும் பாதியை மாட்டலாம். கிராபிக்ஸ் கார்டுக்கான 6+2 கேபிளும் பார்வைக்கு அதைப் போலவே இருக்கும். ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் அதில் இடம் மாறியிருக்கும். எளிதில் நுழையவில்லையா, கையை எடுத்துவிடுங்கள். அழுத்தி ஏற்றினால் ஷார்ட்தான்.

பலர் நாடுவது மூன்றாவது வழி: ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் கேபிளிலிருந்து கார்டுக்கு 6 பின் கன்வெர்ட்டர். இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 6 பின் சாக்கெட்டோ 75 வாட் வரை இழுக்கலாம். பிளாஸ்டிக் உருகும். இந்த ஹெச்.பி.யில் அந்த கேபிள் போர்டிலிருந்தே கிளம்புகிறது என்பதால், போர்டும் சேர்ந்து சூடாகும்.

போர்டையே மாற்றலாமே என்பீர்கள். பெட்டி, ராம், பவர் பட்டன் ஒயர் என்று ஒவ்வொன்றாகச் செலவு இழுக்கும். அந்தக் காசுக்கு வேறு கம்ப்யூட்டரே பார்க்கலாம்.

கேபிள் வாங்கும்போது பின் எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதாது, மாடல் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7050இலும் 6 பின்தான். அதற்கென்று செய்த கேபிளை இதில் மாட்டக் கூடாது.