ஃபீடரா, ஓக் மரத்தடியா: டெக்சாஸ் மான் வேட்டையில் இரு வழிகள்

டெக்சாஸின் ஹில் கன்ட்ரிப் பகுதியில் மான் வேட்டைக்கென நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவர்கள், துப்பாக்கிக்கு அடுத்தபடியாக வாங்குவது பெரும்பாலும் ஃபீடரைத்தான், அதாவது மானை ஈர்க்கத் தீனி இறைக்கும் கருவியைத்தான். மூன்று கால்களின் மேல் நிற்கும் பீப்பாயின் அடியில், பேட்டரியில் இயங்கும் ஒரு தட்டு, குறித்த நேரத்தில் விடியலிலும் அந்தியிலும் சில விநாடிகள் சுழன்று மக்காச்சோளத்தைச் சுற்றிலும் இறைக்கும். மாநிலத்தின் நிலத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் தனியாருக்குச் சொந்தம். அங்கே சட்டம் இதை அனுமதிக்கிறது, அம்மாநிலத்துத் தேசியக் காடுகளில் அனுமதிப்பதில்லை. சில பருவங்கள் ஃபீடரின் எதிரே பரணில் அமர்ந்து வேட்டையாடிய நான், இப்போது அதை இறக்கிவிட்டு, ஓக் கொட்டை உதிரும் மரங்களையும் மான்கள் ஓடையைக் கடக்கும் தடங்களையும் நம்பிக் காத்திருக்கிறேன். இந்த அலசலில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஐயம் வேண்டாம்.

அறம் பற்றிய பேச்சு வழக்கமாக ‘நேர்மையான துரத்தல்’ என்ற கோட்பாட்டிலிருந்தே தொடங்கும். பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் முன்னின்று நிறுவிய பூன் அண்ட் க்ராக்கெட் கழகம் என்ற வேட்டைக்காரர் அமைப்பு வளர்த்தெடுத்த அக்கோட்பாடு, வேட்டைக்காரர் முறையற்ற சாதகத்தைத் தேடிக்கொள்ளக் கூடாது என்கிறது. நான் இதற்குப் பெரிய எடை தருவதில்லை. வேட்டைக்காரரின் தன்மதிப்பைக் காக்கும் அளவுக்கு அது மானின் வேதனையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மானின் பக்கம் நின்று பார்த்தால் ஃபீடருக்கு ஒரு வலுவான நியாயம் உண்டு. அளந்து வைத்த தொலைவில், தலையைக் கவிழ்த்து, பக்கவாட்டில் அசையாமல் நிற்கும் மானை ஒரே குண்டில் வீழ்த்துவது எளிது. அவ்வாண்டு பிறந்த ஆண்குட்டியைப் பெண்மான் என்று எண்ணிச் சுட்டுவிடாமல் நிதானமாகப் பார்க்கவும் நேரம் கிடைக்கும். தடத்தில் நடந்துவரும் மான் அந்த நேரத்தைத் தருவதில்லை. ஆகவே அங்கே நான் பலமுறை துப்பாக்கியைத் தாழ்த்திவிடுகிறேன்.

பலன் என்ற கணக்கில் ஃபீடர் அதன் புகழுக்கு ஏற்றதாக இல்லை. ஓரிடத்தில் வேட்டை மிகுந்ததும் மான்கள், குறிப்பாக வயதான ஆண்மான்கள், இருட்டிய பிறகே சோளத்துக்கு வருகின்றன. ஓக் கொட்டை நன்றாக விளைந்த ஆண்டில் சோளம் தரையிலேயே கிடக்கும். தென் கரோலினாவில் 2013-க்கு முன் கடற்கரைச் சமவெளியில் தீனியிட்டு வேட்டையாடலாம், மேட்டுநிலப் பகுதியில் கூடாது என்ற நிலை இருந்தது. அம்மாநில வனவிலங்குத் துறை ஒப்பிட்டபோது, தீனியிடாத பகுதியில்தான் சதுர மைலுக்கு அதிக மான்கள் வேட்டையாடப்பட்டிருந்தன. நிலமும் மான் தொகையும் இரண்டு பகுதிகளிலும் ஒன்றல்ல என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனாலும் சோளம் இல்லாவிட்டால் மான் கிடைக்காது என்ற நம்பிக்கையை அது அசைக்கிறது. காட்டுப்பன்றிகளைத் தடுக்கும் கம்பி வேலி, ரக்கூன்களின் கொள்ளை, தீர்ந்துபோகும் பேட்டரி ஆகியவை எல்லோரும் அறிந்த தொல்லைகள்.

என் முடிவைத் தீர்மானித்தது ஃபீடரின் அடியில் உள்ள மண். தனித்தனியாக மேய வேண்டிய மான்களை ஃபீடர் நாள்தோறும் ஒரே சில சதுர அடிக்கு அழைக்கிறது. அவை அங்கேயே எச்சில் வடித்து, சிறுநீர் கழித்து, சாணமிட்டு, அதே மண்ணிலிருந்து சோளத்தைப் பொறுக்குகின்றன. சிடபிள்யூடி எனப்படும் மெலிவு நோய் பரவுவது இந்தக் கழிவுகளின் வழியாகத்தான். அதை உண்டாக்கும் பிரியான் என்ற பிறழ்ந்த புரதம் மண்ணில் ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கும். நோய்க்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. டெக்சாஸில் இது 2012-இல் மேற்குக் கோடியிலுள்ள ஹூவேகோ மலைப்பகுதியின் மியூல் மான்களிடமும், 2015-இல் மெடினா கவுன்டியின் வளர்ப்புப் பண்ணை ஒன்றிலிருந்த வெண்வால் மானிடமும் கண்டறியப்பட்டது. மனிதருக்குப் பரவியதாக உறுதியான சான்று இல்லையென்றாலும், நோயுற்ற மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்றே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. இதோடு, ஈரமும் வெப்பமும் சேர்ந்த பீப்பாயில் சோளம் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் நஞ்சு உண்டாகும். உதிர்ந்ததைப் பொறுக்க வரும் காட்டு வான்கோழிக்கும் காடைக்கும் அது கேடு. வேட்டைப் பருவம் முடிந்து பரண் காலியாகக் கிடக்கும் மாதங்களிலும் ஃபீடரைப் பலர் ஓடவிடுகிறார்கள். சுடும் கணத்தை மட்டும் வைத்து அறத்தை எடைபோடுபவர்கள் இந்த மாதங்களைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. மான்கள் ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும், இனப்பெருக்கக் காலத்தில் ஒரே கிளையைப் பல ஆண்மான்கள் முகர்ந்து நக்கும். ஃபீடர்களையெல்லாம் அகற்றினாலும் நோய் நின்றுவிடாது. நோயைத் தொலைதூரம் கொண்டுசெல்வதில் வளர்ப்பு மான்களை இடம் மாற்றும் வணிகத்தின் பங்கும் பெரிது. என் குத்தகை நிலத்தின் வேலி மான் எளிதாகத் தாண்டும் உயரம்தான். அடுத்த நிலத்தில் ஃபீடர் சுழன்றுகொண்டிருக்க, நான் ஒருவன் நிறுத்தியதால் விளையும் பயன் சிறிதே.

தெற்கு டெக்சாஸின் முட்புதர்க் காட்டில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே புதரை வெட்டித் திறந்த நீண்ட பாதைகளில் சோளம் தூவாவிட்டால் மானைக் கண்ணால் காண்பதே அரிது என்று அங்கு வேட்டையாடுபவர்கள் சொல்வதை என்னால் மறுக்க இயலாது. வில்லேந்தி வேட்டையாடுபவர்களுக்கு மான் மிக அருகில் நிற்க வேண்டும் என்பதால், அவர்கள் கணக்கும் வேறாக இருக்கலாம். அவ்வாறு ஃபீடர் வைத்தே ஆக வேண்டியவர்கள், அஃப்ளடாக்சின் சோதிக்கப்பட்ட சோளத்தைச் சிறிய அளவில் வாங்கி, பருவம் முடிந்ததும் பீப்பாயைக் காலி செய்து, அடுத்த ஆண்டு வேறிடத்தில் நிறுத்தலாம். பழைய இடத்து மண்ணில் சேர்ந்தது அதனால் நீங்கிவிடாது.