18, 22.5, 30.3 கன அங்குலம்: மூன்று மின்பெட்டிகளில் எதில் எத்தனை வயர் அடங்கும்?

அமெரிக்க வீடுகளில் ஒரு சாக்கெட்டைப் பொருத்த வேண்டிய இடத்தில் பெரும்பாலும் மூன்று பெட்டிகள் போட்டியிடுகின்றன. கேபிளை இறுக்கிப் பிடிக்கும் உட்புறக் கிளாம்ப் கொண்ட 3×2×3½ அங்குல எஃகுப் பெட்டியின் கொள்ளளவு 18 கன அங்குலம். 22.5 என்று கொள்ளளவு பொறிக்கப்பட்ட, மரச்சட்டத்தில் ஆணியடித்துப் பொருத்தும் ஒற்றை பிளாஸ்டிக் பெட்டி அடுத்தது. மூன்றாவது, 2⅛ அங்குல ஆழமுள்ள 4 அங்குலச் சதுர எஃகுப் பெட்டி. அதன் கொள்ளளவு 30.3.

தேசிய மின் விதித்தொகுப்பின் 314.16 ஆம் பிரிவு, வெளியிலிருந்து வந்து பெட்டிக்குள் முடியும் ஒவ்வொரு 14 கேஜ் வயருக்கும் 2 கன அங்குலமும், அதைவிடத் தடித்த 12 கேஜ் வயருக்கு (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும்) 2.25 கன அங்குலமும் ஒதுக்கச் சொல்கிறது. சாக்கெட்டோ ஸ்விட்சோ இரண்டு வயராகவும், உட்புறக் கிளாம்ப்கள் எத்தனை இருந்தாலும் ஒரே வயராகவும், நான்கு வரையிலான எர்த் வயர்கள் சேர்ந்து ஒரே வயராகவும் கணக்கில் வரும். வயர் முனைகளைச் சேர்த்து முறுக்கும் மூடிகளான வயர் நட்டுகளுக்கும், பெட்டியை விட்டு வெளியேறாத இணைப்புத் துண்டுகளுக்கும் இடம் ஒதுக்கத் தேவையில்லை.

20 ஆம்பியர் சர்க்யூட்டில், இரண்டு வயரும் ஓர் எர்த்தும் கொண்ட 12 கேஜ் கேபிள்கள் இரண்டு வந்து சேரும் ஒரு ஜிஎஃப்சிஐ சாக்கெட்டை (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சாக்கெட்) எடுத்துக்கொள்வோம். வயர்கள் நான்கு, எர்த் ஒன்று, சாக்கெட்டுக்கு இரண்டு, ஆக ஏழு, 15.75 கன அங்குலம். எஃகுப் பெட்டியின் கிளாம்ப்பையும் சேர்த்தால் எட்டு, அதாவது மிகச் சரியாக 18. விதிப்படி இது செல்லும். ஆயினும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஜிஎஃப்சிஐயின் உடல் சாதாரண சாக்கெட்டைவிட மிகவும் தடித்தது என்றாலும், விதி இரண்டுக்கும் ஒரே அளவைத்தான் ஒதுக்குகிறது. நிரம்பிய பெட்டிக்குள் அதை அழுத்தித் திணிக்கும்போது வயரின் உறை நசுங்கவும் இணைப்பு தளரவும் வாய்ப்புண்டு.

மூன்றாவது கேபிள் வந்துவிட்டால் 18 கன அங்குல எஃகுப் பெட்டி போட்டியிலிருந்தே விலகிவிடுகிறது. கிளாம்ப் இல்லாத பிளாஸ்டிக் பெட்டியில் ஒன்பது பங்கு, 20.25 கன அங்குலம் தேவை, 22.5 இருப்பதால் அடங்கும். இதையே 14 கேஜில் செய்தால் 18 போதும். 14 கேஜ் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு 18 கன அங்குலப் பெட்டியில் 12 கேஜ் வயரை இழுப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

சதுரப் பெட்டியின் வலிமை இதற்கு மேல்தான் தெரிகிறது. இறுக்கும் பகுதி பெட்டிக்கு வெளியே இருக்கும் கனெக்டர்களைப் பயன்படுத்தினால் கிளாம்ப்புக்கென எதையும் கழிக்க வேண்டியதில்லை. 12 கேஜ் கேபிள்கள் ஐந்து வந்தால் பத்து வயர்களுக்கு 22.5, சாக்கெட்டுக்கு 4.5. நான்கைத் தாண்டும் ஒவ்வொரு எர்த்துக்கும் கால் பங்கு கூட்ட வேண்டும் என்று 2020 பதிப்பு மாற்றியதால் எர்த்துக்கு ஏறத்தாழ 2.81. மொத்தம் 29.81, 30.3க்குள் அடங்குகிறது. இருந்தாலும், ஐந்து கேபிள்களை ஒரே இடத்தில் சேர்க்காமல் வழியைப் பிரிக்க முடிந்தால் பிரிப்பதே நல்லது. எஃகுப் பெட்டியை எர்த்துடன் இணைப்பது கட்டாயம் என்றாலும், அந்தத் துண்டு வயர் கணக்கில் சேராது.

பூச்சு முடிந்த சுவரில் நிலைமை மாறுகிறது. சுவரை அதிகம் உடைக்காமல் சதுரப் பெட்டியை நுழைப்பது கடினம் என்பதால், அங்கே சுவர்ப்பலகையையே பற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் பெட்டியைத்தான் தேர்ந்தெடுப்பேன். கொள்ளளவு அதன் உட்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும், வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும். புதிய கட்டுமானத்தில் மூன்று கேபிள்களோ அதற்கு மேலோ வருமிடத்தில் சதுரப் பெட்டியே என் தேர்வு. அதன்மேல் சாக்கெட்டுக்காகப் பொருத்தும் மட் ரிங் எனும் வளையத்தில் கன அங்குல அளவு பொறிக்கப்பட்டிருந்தால், அதையும் 30.3 உடன் கூட்டிக்கொள்ளலாம். பொறிக்கப்படாத வளையத்தின் கொள்ளளவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.