‘தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்’ அச்சுத் தொகுப்புகள்: இலவசக் கதைக்குக் காசு கொடுக்கலாமா?

அமெரிக்கரான ரிச் பர்லூ 2003 முதல் தமது இணையதளத்தில் வரைந்துவரும் ‘தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்’ சித்திரக்கதையை எவரும் காசில்லாமல் படிக்கலாம். அப்படியிருந்தும், 2012-இல் மூன்றாம் தொகுதியான ‘வார் அண்ட் எக்ஸ்பிஸ்’ நூலை மறுபதிப்புச் செய்ய அவர் பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 57,750 டாலர் கேட்டபோது, 14,952 பேர் சேர்ந்து 12,54,120 டாலரை அள்ளிக் கொடுத்தார்கள். திரையில் படித்து முடித்த கதைக்காக இத்தனை பேர் பணம் கட்டியது வெறும் அபிமானத்தால் மட்டுமல்ல என்பதைத் தொகுதிகளைப் புரட்டினாலே உணரலாம்.

முதற்காரணம் ஆசிரியர் குறிப்புகள். வீரர்கள் கற்பனைப் பாத்திரங்களாக மாறிச் சாகசம் செய்யும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் விதிகள் மூன்றாம் பதிப்பிலிருந்து 3.5-க்கு மாறியதைக் கிண்டல் செய்து தொடங்கிய இக்கதை, போரும் இழப்பும் குற்றவுணர்வும் கலந்த பெருங்கதையாக வளர்ந்தது. அந்த மாற்றம் எப்படி நேர்ந்தது, எந்தப் பாத்திரத்தை எதற்காகக் கொண்டுவந்தார் என்பனவற்றைப் பர்லூ ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் மனம்விட்டு எழுதியிருக்கிறார். கதை எழுதிப் பழகுவோருக்கு இவை நல்ல பாடங்கள் என்பேன். ஆனால் முதன்முறை படிப்பவர்கள் குறிப்புகளைக் கடைசியில் படிப்பதே நல்லது; வரப்போகும் திருப்பங்கள் சில அவற்றில் வெளிப்பட்டுவிடுகின்றன.

இதைவிட முக்கியமானவை, இணையத் தொடரில் இடம்பெறாமல் நூலாகவே வந்த முன்கதைகள். 2007-இல் வெளியான ‘ஸ்டார்ட் ஆஃப் டார்க்னஸ்’ வில்லன்களின் கதை. சமயப் பணியில் அன்றுதான் சேர்ந்த கோப்ளின் என்னும் குட்டிப்பூத இனத்து இளைஞன் ஒருவனின் ஊரைப் புனித வீரர்கள் எனப்படும் பாலடின்கள் திடீரெனத் தாக்கிச் சூறையாடுகிறார்கள். இறந்துகிடக்கும் தலைமைக் குருவின் சிவப்பு மேலங்கியை அவன் எடுத்து அணிந்துகொள்கிறான். இணையத் தொடரில் நாம் வெறுத்துவந்த ரெட்கிளோக் அவன்தான். இந்தக் காட்சியைப் படித்தபின் அவனை வெறுமனே எதிரியாகப் பார்க்க முடிவதில்லை. நல்லவர் பக்கம் எது என்ற கேள்வியும் தொடர் முழுவதும் நம்மை விடாமல் துரத்துகிறது. வட்டத் தலையும் குச்சிக் கைகால்களும் கொண்ட உருவங்களை வைத்து இவ்வளவு துயரத்தைச் சொல்ல முடிந்திருப்பது எனக்கு இன்றும் வியப்பே.

அச்சும் தெளிவாகவே இருக்கிறது. திரைக்கெனச் சிறிய அளவில் வரையப்பட்ட பல இணையச் சித்திரக்கதைகள் தாளுக்கு வரும்போது மங்கிவிடுகின்றன. பர்லூ இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் வெக்டர் கோடுகளாக வரைபவர் என்பதால், பெரிதாக்கினாலும் கோடு சிதைவதில்லை. கூட்டம் நிறைந்த போர்க்காட்சிகளில், ஓரத்தில் நிற்கும் சிறு பாத்திரங்கள் என்ன செய்கிறார்கள் என்று நிதானமாகத் தேடிப் பார்ப்பதற்குத் திரையைவிடத் தாளே வசதி.

குறைகளும் உண்டு. முதல் தொகுதியின் ஓவியம் எளிமையானது. விளையாட்டு விதிகளை அறியாதவர்களுக்கு அதன் நகைச்சுவையில் பாதி புரியாது. வெளிநாட்டு நூல்கள் என்பதால் அஞ்சல் செலவு கையைக் கடிக்கும். முன்கதைகளைப் பிடிஎஃப் வடிவிலும் பர்லூ விற்பதால், செலவைக் குறைக்க நினைப்பவர்கள் அவற்றை அப்படி வாங்கிக்கொள்ளலாம். ஒரேயொரு அச்சு நூல்தான் வாங்க முடியும் என்றால் ‘வார் அண்ட் எக்ஸ்பிஸ்’ நூலைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முந்தைய இரண்டு தொகுதிகளின் கதையை இணையத்திலேயே படித்துக்கொள்ளலாம். ‘ஸ்டார்ட் ஆஃப் டார்க்னஸ்’ அதற்குப் பிறகு படிக்க வேண்டியது.