பாம்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது: 101-ஐயா, உள்ளூர்க்காரரையா?

வீட்டிலோ கொல்லையிலோ பாம்பு தென்பட்டால் நமக்கு வழி இரண்டு. 101-க்கு அடித்துத் தீயணைப்பு வண்டியை வரவழைக்கலாம். இல்லையென்றால், வனத்துறைக்குத் தெரிந்து, பயிற்சியோடு பாம்பு பிடிக்கும் உள்ளூர்க்காரரைக் கூப்பிடலாம். தாம்பரத்துக்குத் தெற்கே ஏரிக்கரையை ஒட்டிய தெரு எங்களுடையது. மழை பிடித்தால் பாம்பும் வரும். இரண்டு வழியையும் பார்த்தாயிற்று. இப்போது நான் முதலில் அடிப்பது உள்ளூர்க்காரர் நம்பருக்குத்தான்.

அடித்துப் போடுவதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கம்போடு கிட்டே போகிறவருக்குத்தான் கடி விழும். 2022-ல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சாரை எல்லாமே மிகக் கூடுதல் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணைக்கு வந்துவிட்டன; கொல்வது குற்றம்.

தீயணைப்புக்காரர்கள் காசு வாங்குவதில்லை, நடுராத்திரியிலும் வருவார்கள். உள்ளூர்க்காரருக்குப் பெட்ரோல் காசாவது கொடுப்பதுதான் முறை.

பிடிக்கிற விதத்தையும் பார்க்க வேண்டும். இடுக்கியால் நடுவுடம்பை இறுக்கித் தூக்கினால் பாம்பின் விலா எலும்பு முறியலாம். எங்களிடம் வருபவர் கையில் ஒரு கொக்கி, ஒரு பிவிசி குழாய், நீளமான துணிப்பை. குழாயின் ஒரு முனையில் பையின் வாயைக் கட்டி, மறுமுனையைப் பாம்பின் முன்னால் வைப்பார். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் படமெடுத்து நின்ற நல்ல பாம்பு, கொக்கியால் வாலை லேசாகத் தொட்டதும் இருட்டான பொந்து கிடைத்தது என்று தானாகவே குழாய்க்குள் போய்விட்டது. கையால் தொடவே இல்லை.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது, பிடித்த பிறகு எங்கே விடுகிறார்கள் என்பது. தூரத்துக் காப்புக்காட்டில் கொண்டுபோய் விட்டால் நல்லது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பாம்புக்கு அது நல்லதல்ல. தன் பொந்து, தண்ணீர், இரை கிடைக்கும் இடம் எல்லாம் அதற்குப் பழக்கம். தெரியாத இடத்தில் விட்டால் அலையும். ரோட்டில் அடிபடும், கழுகுக்கும் கீரிக்கும் இரையாகும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இடம் மாற்றி விட்ட கிலுகிலுப்பைப் பாம்புகளைப் பின்தொடர்ந்து பார்த்து 1999-ல் ஆய்வு வெளியிட்டார்கள். பாதிக்கு மேல் செத்துப்போயின. ஏற்கெனவே அங்கேயே வாழ்ந்துவந்த பாம்புகளில் செத்தவை மிகக் குறைவு. எங்கள் உள்ளூர்க்காரர் ஏரிக்கு அந்தப் பக்கப் புதரில், கூப்பிடு தூரத்தில், அன்றைக்கே விட்டுவிடுகிறார். தீயணைப்பில் பிடிபடுவது பெரும்பாலும் வனத்துறை கைக்குப் போகும். அப்புறம் எங்கே, எப்போது விடுவார்கள் என்பது நம் கையில் இல்லை.

பக்கத்தில் விட்டால் திரும்பி வராதா என்று அம்மாவும் கேட்டார். வரலாம். ஆனால் கொல்லையில் எலி இருக்கிறவரை, இது போனால் இன்னொன்று வரும். உடைந்த ஓட்டுக்குவியலை அகற்றி, சாக்கடைக் குழாய் வாய்க்குக் கம்பிவலை அடித்தோம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் பார்த்ததெல்லாம் நல்ல பாம்பும் சாரையும்தான். கண்ணாடி விரியன் குழாய்க்குள் இவ்வளவு சாதுவாகப் போகுமா என்பதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. உள்ளூர்க்காரர் வர நேரமாகும் என்றால், குறிப்பாக ராத்திரியில், யோசிக்காமல் 101-க்கு அடியுங்கள். வருகிறவரை ஒருவர் எட்டி நின்று அதன் மேலேயே கண் வைத்திருக்கட்டும். எங்கே நுழைந்தது என்று தெரியாவிட்டால் யார் வந்தும் பயனில்லை.