சூசையப்பர் வீடு விற்கும் பெட்டி: உள்ளே இருப்பதில் எது தேறும்?

அமெரிக்காவில் வீட்டை விற்பனைக்குப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் ஆள் வராமல் தவிப்பவரிடம், "செயின்ட் ஜோசப்பைப் புதைத்துப் பார்த்தீர்களா?" என்று ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டே கேட்பதுண்டு. நம் ஊர்க் கத்தோலிக்கருக்கு அவர் சூசையப்பர், இயேசுவை வளர்த்த தந்தை. அவருடைய சுரூபத்தை, அதாவது சிறு சிலையை, மண்ணில் புதைத்து வேண்டினால் வீடு விற்றுவிடும் என்பது அங்கே ஒரு நம்பிக்கை. கத்தோலிக்கப் பொருட்கள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் இதற்கென்றே ஒரு சின்னப் பெட்டி கிடைக்கிறது. உள்ளே மூன்றரை, நான்கு அங்குல உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் சுரூபம், ஒரு செப அட்டை, ஒரு செய்முறைத் தாள் இருக்கும். சில பெட்டிகளில் சுரூபத்தைப் போட்டுப் புதைக்க ஒரு பையும் இருக்கும். பெரும்பாலும் 5 முதல் 15 டாலருக்குள் முடிந்துவிடும். இவற்றில் கொடுத்த காசுக்குத் தகுவது செப அட்டைதான். கெடுப்பது செய்முறைத் தாள். சுரூபமும் பையும் பார்த்து வாங்க வேண்டியவை.

முதலில் சுரூபம். பெட்டிக்குள் இருப்பவர் சூசையப்பர்தானா என்று பாருங்கள். இந்த அளவில் முகம் தெளிவாக வார்க்கப்பட்டிருக்காது. சூசையப்பர் கையிலும் குழந்தை இயேசுவும் லீலி மலரும் உண்டு, பதுவை அந்தோனியார் கையிலும் அதே இரண்டும் உண்டு. அதனால் தனிச் சுரூபமாக வாங்கும்போது மாறிப்போவது எளிது. சூசையப்பருக்குத் தாடி இருக்கும், அங்கிமேல் போர்வை இருக்கும். தச்சரின் மூலைமட்டமோ ரம்பமோ கையில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். தாடி இல்லாமல், உச்சந்தலை மழித்து, பழுப்புத் துறவாடையில் முடிச்சுப் போட்ட கயிறு தொங்கினால் அவர் அந்தோனியார். காணாமல் போன பொருளுக்கு அவரிடம் போகலாம்.

பொருள் என்ன என்பதும் முக்கியம். மண்ணுக்குள் போகும் என்றால் கெட்டியான பிளாஸ்டிக் அல்லது ரெசின் தாங்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சுரூபத்தை வாங்கவே வேண்டாம். ஈரத்தை உறிஞ்சி, வண்ணம் உரிந்து, மூக்கும் விரல்களும் முதலில் உதிரும். மரச் சுரூபம் ஈர மண்ணில் உளுத்துவிடும். வீட்டுக்குள் வைக்க மட்டும் என்றால் எதுவும் சரி. அப்போது நான்கு அங்குலத்தோடு நிற்காமல் எட்டு அங்குலச் சுரூபமாகப் பார்ப்பது நல்லது, முகம் தெரியும், புது வீட்டிலும் நிலையாக ஓரிடத்தில் நிற்கும். 'மந்திரித்தது' (சாமியார் ஆசீர்வதித்தது) என்று போட்டுக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். மந்திரித்த பொருளை அந்த மந்திரிப்புக்காக விலை ஏற்றி விற்பது திருச்சபை வழக்கத்துக்கே ஒவ்வாது. முதலில் வாங்குங்கள், பிறகு பங்குக் கோயிலில் திருப்பலி முடிந்ததும் சாமியாரிடமோ திருத்தொண்டரிடமோ நீட்டினால் ஒரு நிமிடத்தில் மந்திரித்துக் கொடுப்பார். கட்டணம் கிடையாது.

அட்டையில் உள்ள செபத்தைக் கடையிலேயே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நல்ல அட்டைகளில் ஒரே கருத்துதான் சுற்றி வரும்: இயேசுவுக்குத் தச்சுத் தொழில் கற்றுக்கொடுத்தவரே, அவருக்குத் தலைக்கு மேல் கூரை இருக்கும்படி பார்த்துக்கொண்டவரே, எங்கள் வீட்டுக் காரியத்திலும் துணைநில்லும் என்று. இது முறையான பரிந்துரை மன்றாட்டு. புனிதரைக் கடவுளிடம் நமக்காகப் பேசச் சொல்கிறோம், அவ்வளவே. விற்றுத் தந்தால்தான் உம்மை வெளியே எடுப்பேன் என்ற தொனியில் அச்சடித்த அட்டைகளும் வருகின்றன. பெட்டி எத்தனை அழகாக இருந்தாலும் அவற்றை விட்டுவிடுங்கள்.

அட்டையே இல்லாவிட்டாலும் குறையில்லை. 13ஆம் சிங்கராயர் (லியோ) பாப்பரசர் 1889இல் தந்த சூசையப்பர் மன்றாட்டு, துன்ப வேளையில் உம்மை நாடி வருகிறோம் என்று தொடங்குவது, இந்தத் தேவைக்கு எந்தப் பெட்டியின் செபத்தையும் விடப் பொருந்தும். ஒன்பது நாள் நவநாளாகச் சொல்லுங்கள். சிலுவை அடையாளம், அந்த மன்றாட்டு, பிறகு உங்கள் கருத்தைச் சொந்த வார்த்தையில் சொல்வது, கடைசியில் 'விண்ணகத் தந்தையே', 'அருள் நிறைந்த மரியே', 'தந்தைக்கும் மகனுக்கும்' ஒவ்வொன்று. ஐந்தாறு நிமிடம் போதும். நேரம் இருப்பவர்கள் சூசையப்பர் பிரார்த்தனையை, அதாவது அவர் புகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்லி வேண்டும் மன்றாட்டு மாலையைச் சேர்க்கலாம். 1909இல் அங்கீகரிக்கப்பட்ட அந்தப் பிரார்த்தனையில் 2021இல் பிரான்சிஸ் பாப்பரசர் ஏழு புகழ்ச்சிகளைக் கூட்டினார் என்பதால் புதிய படிவத்தைப் பாருங்கள். புதன்கிழமை சூசையப்பருக்கு உரிய நாள், அன்று தொடங்குவது வழக்கம். மார்ச் 19 திருநாளை ஒட்டி என்றால் மார்ச் 10 முதல் 18 வரை. கருத்தில் வீட்டை வாங்கப் போகும் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டிச் செபங்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது அதுதான்.

இனி செய்முறைத் தாள். இரண்டு கம்பெனிப் பெட்டிகளை வாங்கிப் பக்கத்தில் வைத்தால் தாள்கள் ஒன்றோடொன்று சண்டை போடும். ஒன்று 'விற்பனைக்கு' போர்டுக்குப் பக்கத்தில் என்னும், இன்னொன்று வீட்டின் பின்சுவரிலிருந்து மூன்று அடி தள்ளிப் பூப்பாத்தியில் என்னும். முகம் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒன்று, தெருவைப் பார்க்க வேண்டும் என்று ஒன்று. சரியாகப் பன்னிரண்டு அங்குல ஆழம் என்பார்கள், மல்லாக்கக் கிடத்தி அம்பு போல வீட்டை நோக்கி வைக்கச் சொல்வதும் உண்டு. ஏறக்குறைய எல்லாரும் ஒத்துப்போவது தலைகீழாக நட வேண்டும் என்பதில் மட்டும். இதில் எந்த விதிக்கும் திருச்சபை வழிபாட்டு நூல்களில் இடமில்லை.

தாளின் பின்பக்கம் வழக்கமாக ஒரு வரலாறு இருக்கும். 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் நாட்டுப் புனிதையான அவிலா தெரேசம்மாள் மடத்துக்கு நிலம் வேண்டிச் சூசையப்பர் பதக்கங்களைப் புதைத்தார் என்று. தெரேசம்மாளுக்குச் சூசையப்பர் மேல் இருந்த பக்தி நிச்சயமானது. 1562இல் அவிலாவில் தொடங்கிய முதல் சீர்திருத்த மடத்துக்கே அவர் பெயரைத்தான் வைத்தார், கேட்டதை அவர் தராமல் போனதில்லை என்று தம் வாழ்க்கை வரலாற்றிலும் எழுதினார். ஆனால் அங்கே அவர் பேசுவது மன்றாட்டைப் பற்றி. கனடாவின் மொன்றியலில் அந்திரே பெசெத் என்ற துறவறச் சகோதரர் மவுண்ட் ராயல் மலைச்சரிவில் பதக்கங்களை இட்டுச் செபித்ததும் இதோடு சேர்த்துச் சொல்லப்படும். அவருடைய துறவற சபையான திருச்சிலுவைச் சபைக்கு அந்த நிலம் 1896இல் கிடைத்தது, 1904இல் அங்கே சிறு கோயில் எழுந்தது, பின்னாளில் அதுவே பெரிய சூசையப்பர் திருத்தலமாக வளர்ந்தது. பெசெத் 2010இல் புனிதர் பட்டம் பெற்றார். இரண்டு கதைகளிலும் இருப்பது பதக்கம், சுரூபம் இல்லை. இரண்டும் இறைவனுக்கு நிலம் வாங்கக் கேட்டவை, வீடு விற்கக் கேட்டவை இல்லை. தலைகீழ் என்ற பேச்சு இரண்டிலும் கிடையாது. அமெரிக்க வீட்டுச் சந்தை 1990 வாக்கில் மந்தமானபோதுதான் இந்தப் பெட்டி வழக்கம் நாடு முழுக்கப் பேச்சானது.

தலைகீழாக வைப்பது எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் வரன் அமையாத பெண்கள் அந்தோனியார் சுரூபத்தைத் தலைகீழாக நிறுத்தி, கல்யாணம் முடிவானால்தான் நிமிர்த்துவார்கள். புனிதருக்குக் கொடுக்கும் தண்டனை அது. கேட்டது நடந்தபின் நன்றியாகச் செலுத்தும் நேர்ச்சை வேறு, நடக்கும் வரை வதைப்பது வேறு. வெளிச் செயலைச் செய்துவிட்டாலே பலன் வந்துவிடும் என்று, உள்ளத்தின் நிலையை விட்டுவிட்டு நம்புவது மூடநம்பிக்கை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2111ஆம் எண்ணில் சொல்கிறது. மந்திரித்த பொருளை மரியாதையோடு நடத்த வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 1171. இன்னொன்றும் உண்டு: உடைந்து பயன்படாமல் போன மந்திரித்த பொருளை எரிப்பதோ மண்ணில் புதைப்பதோதான் திருச்சபையின் வழக்கம். ஆக, முழுசாக இருக்கும் சுரூபத்தைப் புதைப்பது, பார்க்கிறவர் கண்ணுக்கு அதைக் கழித்துவிடுவது போல ஆகிறது. எனவே என் பரிந்துரை, சுரூபத்தை வீட்டுக்குள் வைப்பதுதான். வாசலைப் பார்த்த ஒரு தட்டில், வாங்க நினைப்பவர்களுக்கு வீட்டைத் திறந்து காட்டும் ஓப்பன் ஹவுஸ் அன்று கையில் எடுத்துப் பார்க்க வருபவர்களுக்கு எட்டாத உயரத்தில், நிமிர்ந்து நிற்கட்டும்.

இருந்தாலும் புதைத்தே ஆக வேண்டும் என்பவர்கள் உண்டு. பல குடும்பங்களில் இது பாட்டி காலத்து வழக்கமாகிவிட்டது. அவர்களுக்கு, தாளில் இல்லாத விவரங்கள்.

மந்திரிக்காத சுரூபமாக, நிமிர்ந்த நிலையில் வையுங்கள். தோண்டுவதற்கு இரண்டு மூன்று வேலை நாட்களுக்கு முன், தோண்டுபவர்களுக்கென்றே அமெரிக்காவில் உள்ள தொலைபேசி எண்ணான 811க்கு அழையுங்கள். இலவசம். பூமிக்குள் போகும் குழாய், கம்பிகளைக் குறித்துவிட்டுப் போவார்கள்: சிவப்பு மின்சாரம், மஞ்சள் காஸ், ஆரஞ்சு தொலைத்தொடர்பு, நீலம் குடிநீர், பச்சை கழிவுநீர். கையளவு குழிக்கு இதெல்லாம் எதற்கு என்று விடுபவர்கள்தான் இன்டர்நெட் கேபிளை வெட்டுகிறார்கள், அது சில இடங்களில் சில அங்குல ஆழத்திலேயே கிடக்கும். தோட்டத்துத் தெளிப்பான் குழாய்கள் உங்கள் சொந்தம் என்பதால் அவற்றைக் குறிக்க மாட்டார்கள், நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுவரை ஒட்டித் தோண்டாதீர்கள். அங்கே மண் சுவரிலிருந்து வெளியே சரிய வேண்டும், முதல் பத்து அடிக்கு ஆறு அங்குலம் என்பது பொதுவான கணக்கு. தளர்வாக மூடிய குழி அமுங்கினால் மழைநீர் அஸ்திவாரத்தை நோக்கி நிற்கும், வீட்டைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டர் அதைத்தான் முதலில் எழுதுவார். சுவரிலிருந்து ஆறேழு அடி தள்ளிய பூப்பாத்தி நல்லது. புல்தரை என்றால் மூன்று பக்கம் வெட்டி, புல்லை வேரோடு மூடி போல மடக்கித் திறவுங்கள். நான்கு அங்குலச் சுரூபத்துக்கு எட்டு முதல் பத்து அங்குல ஆழம் போதும். சுரூபத்தின் மேல் நான்கு அங்குல மண்ணாவது இருக்க வேண்டும், புல்தரைக்குக் காற்றோட்டம் போடும் இயந்திரம் இரண்டு மூன்று அங்குலம் வரை மண்ணைக் குடைந்து எடுக்கும். சுரூபத்தை வெள்ளைத் துணியில் சுற்றி, ஜிப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடுங்கள். பெட்டியோடு வரும் மெல்லிய பைகள் ஒரு மழைக்குத் தாங்காது. மண்ணை இரண்டு தடவையாகப் போட்டு ஒவ்வொரு தடவையும் காலால் மிதித்து இறுக்குங்கள். ஓப்பன் ஹவுஸுக்கு முதல் நாள் தோண்ட வேண்டாம், புது மண் திட்டு வாங்க வருபவருக்குத் தேவையில்லாத கேள்வியைக் கொடுக்கும்.

வடகிழக்கு மாநிலங்களில் ஜனவரியில் மண் உறைந்து கல்லாகிவிடும். அந்தக் காலத்திலும், மண்ணே சொந்தமில்லாத காண்டோ எனும் அடுக்குமாடி வீட்டிலும், பூந்தொட்டி போதும். எட்டு அங்குலத் தொட்டி, அடியில் துளை, ஜன்னலோரம்.

மிக அதிகமாக நடக்கும் தவறு புதைத்த இடத்தை மறப்பது. குச்சி நட்டால் தோட்டம் வெட்டுபவர் பிடுங்கிவிடுவார். வீட்டின் மூலையிலிருந்து ஒரு அளவு, வாசல்படியிலிருந்து ஒரு அளவு எடுத்து, வீட்டுப் பத்திரக் கோப்பில் எழுதி வையுங்கள். இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தில் சுரூபம் இருக்கும். வீடு கைமாறும் குளோசிங் நாளுக்கு முன், வாங்குபவர் கடைசியாகச் சுற்றிப் பார்க்க வருவதற்கும் முன், எடுத்துவிடுங்கள். கையெழுத்தான பிறகு அந்த மண் அவர்களுடையது. அனுமதி கேட்காமல் உள்ளே கால் வைக்க முடியாது, கேட்டாலும் எதற்கு என்று விளக்க வேண்டியிருக்கும்.

விலை அதிகமாகப் போட்டிருந்தால் பெட்டி அதைச் சரிசெய்யாது, ஏஜென்ட் காட்டும் அக்கம்பக்கத்து விற்பனை விலைகளைத்தான் பார்க்க வேண்டும். மத்தேயு நற்செய்தி சூசையப்பரை நேர்மையாளர் என்கிறது. நிலவறையில் தண்ணீர் கசிவதை, வாங்குபவருக்குக் கொடுக்கும் குறைபாட்டுப் படிவத்தில் மறைத்துவிட்டு அவரிடம் மன்றாட முடியாது.

தோண்டியெடுத்த சுரூபத்தை வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டு, பழைய பல் பிரஷால் கழுவுங்கள். பிளீச் வேண்டாம், வண்ணம் போய்விடும். காய்ந்ததும் சாமியாரிடம் கொண்டுபோய் அப்போது மந்திரித்துக்கொள்ளலாம். சாமான் ஏற்றும் லாரியில் போடாமல் கைப்பையில் எடுத்துப் போங்கள். புது வீட்டில் பெட்டிகளைப் பிரிக்கும் முன் அவருக்கு ஓர் இடம் பார்த்து வைத்துவிட்டு, ஒன்பது நாள் சொன்ன அதே மன்றாட்டை நன்றியாக ஒருமுறை சொல்லுங்கள்.