டேப்லெட் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஆப் எழுதுறதா, வந்தப்புறம் எழுதுறதா?

புது டேப்லெட் ஒண்ண அறிவிச்சுட்டாங்கன்னு வெச்சுக்குவோம், விற்பனைக்கு வர இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, எஸ்டிகே, அதாவது ஆப் எழுதுற கருவித் தொகுப்பு, டவுன்லோட் பண்ணியாச்சு, ஆனா தொட்டுப் பாக்க சாதனம் இல்ல. இந்த நிலைமைல நம்ம முன்னாடி மூணு வழி இருக்கு. ஒண்ணு, சாதனம் மாதிரியே கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டுற சிமுலேட்டர மட்டும் நம்பி எழுதி முதல் நாளே ஆப் ஸ்டோர்ல நிக்கிறது. ரெண்டு, சாதனம் கைக்கு வர்ற வரைக்கும் பொறுத்து, அதுல ஓட்டிப் பாத்துட்டு விடுறது. மூணு, ஒண்ணுமே பண்ணாம பழைய போன் ஆப்பையே அதுல ஓட விடுறது.

மூணாவத சீக்கிரம் முடிச்சிடலாம். 2010 ஜனவரி 27 அன்னிக்கு ஆப்பிள் ஐபேட அறிவிச்சப்போ ஸ்டோர்ல ஏற்கனவே இருந்த 1,40,000 ஆப்ல கிட்டத்தட்ட எல்லாமே மாத்தாமலே ஓடும்னு சொன்னாங்க, ஓடவும் செஞ்சுது. ஆனா எப்படி? 480-க்கு 320 புள்ளி இருந்த போன் ஸ்க்ரீன் நடுவுல சின்னதா உக்காந்திருக்கும், இல்லன்னா 2எக்ஸ் பட்டன அழுத்தினா ஊதி ஊதிப் பெருசாக்கி புள்ளி புள்ளியா தெரியும். காசு குடுத்து புது சாதனம் வாங்கினவன் அத ரெண்டு நாளைக்கு மேல வெச்சிருக்க மாட்டான். ஆப் பொழைக்குது, அவ்ளோதான்.

உண்மையான போட்டி முதல் ரெண்டுக்கும் தான்.

முதல் நாள் கட்சிக்காரங்க சொல்றது இதுதான்: கடை தொறக்கும்போது கூட்டம் கம்மி, அதனால நம்மள எல்லாரும் பாப்பாங்க. தப்பில்ல. ஐபேடுக்கு எஸ்டிகே 3.2 பீட்டா அறிவிச்ச அன்னிக்கே குடுத்துட்டாங்க, மார்ச் 27-க்குள்ள அனுப்பினா ஏப்ரல் 3 தொறப்பு விழாவுக்கு பரிசீலிக்கிறோம்னு சொன்னாங்க, அதாவது சரியா ரெண்டு மாசம், பெரும்பாலான ஆளுங்களுக்கு சிமுலேட்டர தவிர வேற ஒண்ணும் கிடையாது. முதல் நாள்ல 3,00,000 ஐபேட், 10 லட்சம் ஆப் டவுன்லோட். கேக்கவே வாய் ஊறுது இல்ல?

ஆனா அடுத்த கணக்கையும் பாக்கணும். 28 நாள்ல 10 லட்சம் ஐபேட் போயிடுச்சு, அதுக்குள்ள டவுன்லோட் 1 கோடியே 20 லட்சம். கழிச்சுப் பாத்தா 1 கோடியே 10 லட்சம் டவுன்லோட் முதல் நாளுக்கு அப்புறம் தான் வந்திருக்கு. ரெண்டு வாரம் லேட்டா வந்தவன் பந்தியே முடிஞ்சப்புறம் வந்தவன் இல்ல, இலை போட்டுட்டே தான் இருந்தாங்க. முதல் நாள் அவசரத்துல விட்டு க்ராஷ் ஆகி ஒத்த ஸ்டார் வாங்கினவன் தான் அந்த ரிவ்யூவ சுமந்துக்கிட்டே மிச்ச மாசத்த ஓட்டினான்.

சரி, சிமுலேட்டர் எங்க ஏமாத்தும்? இத கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா பேர கேட்டு அது சாதனத்தோட நகல்னு நிறைய பேர் நெனச்சுக்கிறாங்க. அப்போ மேக்ல, அதாவது ஆப்பிள் கம்ப்யூட்டர்ல, ஓடின ஐபேட் சிமுலேட்டர் நம்ம கோட மேக்கோட ப்ராசஸருக்குப் புரியற மாதிரியே மாத்தி (கம்பைல் பண்ணி) மேக்கோட மெமரியில தான் ஓட்டும். ஐபேட்ல இருந்தது 256 எம்பி ராம், அதுலயும் நமக்குன்னு மிஞ்சுறது ஒரு பங்கு தான். 1024-க்கு 768 புள்ளி இருக்கிற ஃபுல் ஸ்க்ரீன் படம் ஒண்ணு மெமரியில விரிஞ்சா 3 எம்பி, போன்ல அதே வேலைக்கு 0.6 எம்பி தான் ஆச்சு. போட்டோ ஆல்பம் மாதிரி ஒரு ஆப்ல முப்பது பக்கத்த முன்கூட்டியே லோட் பண்ணி வெச்சா சிமுலேட்டர்ல வெண்ணெய் மாதிரி வழுக்கும், சாதனத்துல சத்தமில்லாம மூடிக்கும்.

இன்னொண்ணு, இது நானே பட்டது: மேக்ல ஃபைல் பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பாக்காது, சாதனம் பாக்கும். லோகோ ஃபைல்ல முதல் எழுத்து பெருசு, கோட்ல சின்னது, சிமுலேட்டர்ல ஜோரா தெரிஞ்ச படம் சாதனத்துல காணோம். ஒரு சாயங்காலம் முழுக்க தேடினோம், கண்டுபிடிச்சப்போ சிரிப்பு தான் வந்துச்சு.

அப்புறம் விரல். மவுஸ் ஒத்த விரல் தான், கீபோர்ட்ல ஒரு கீய அழுத்திப் பிடிச்சா ரெண்டு புள்ளி வரும், அதுவும் ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி மாதிரி நகரும். நாலு விரலால பியானோ வாசிக்கிற ஆப்ப இதுல எப்படி டெஸ்ட் பண்ணுவ? அந்த முதல் ஐபேடோட 680 கிராம் எடைய ரெண்டு கைல பிடிச்சிருக்கும்போது கட்டை விரல் ஸ்க்ரீன் நடுவுக்கு எட்டாதுங்கறதும் மானிட்டர்ல தெரியாது. அந்த ஐபேட்ல ஒரு இன்ச்சுக்கு 132 புள்ளி, நம்ம மேஜைல இருக்கிற மானிட்டர் பெரும்பாலும் 100 பக்கம், அதனால சிமுலேட்டர்ல எல்லாமே பெருசா தெரியும், படிக்க நல்லா இருக்குன்னு வெச்ச எழுத்து கைக்கு வந்தா பொடியா போயிடும்.

இதுக்கு ஒரு காசில்லாத மருந்து இருக்கு. 1024-ஐ 132-ஆல வகுத்தா 7.76 இன்ச், 768-க்கு 5.82 இன்ச். ஏ4 பேப்பர ரெண்டா மடிச்சா அகலம் 5.83, அச்சு அசல் அதே தான், நீளம் மட்டும் அரை இன்ச் கூட. அத அட்டைல ஒட்டி ஸ்க்ரீன வரைஞ்சு சோஃபால சாஞ்சுக்கிட்டு கட்டை விரலால தொட்டுப் பாத்தா பட்டன் வெச்ச எடம் தப்புன்னு அஞ்சு நிமிஷத்துல தெரியும். சிமுலேட்டர் ஒரு மாசத்துல சொல்லாதத பேப்பர் சொல்லும்.

ஆப்பிள் சிமுலேட்டராவது வேகமா ஓடுச்சு. டேப்லெட்டுக்குன்னு கூகுள் விட்ட ஆண்ட்ராய்ட் 3.0 ஹனிகோம்ப்போட எமுலேட்டர் நேர் எதிர், அது டேப்லெட்ல இருக்கிற ஏஆர்எம் ப்ராசஸரையே பொம்மலாட்டம் மாதிரி ஆட்டிக் காட்டும், க்ராஃபிக்ஸ் சிப் உதவி வேற அப்போ இல்ல, டேப்லெட் சைஸ் ஸ்க்ரீன்ல அனிமேஷன் ஒண்ணு ஒண்ணா நடந்து வரும். நம்ம கோட் மெதுவா இருக்கா எமுலேட்டர் மெதுவா இருக்கான்னு பிரிக்கவே முடியாது. இதுல 2011 ஜனவரி 26-ல ப்ரிவ்யூ எஸ்டிகே, இறுதி எஸ்டிகே பிப்ரவரி 22, அதுல ஓடுற டேப்லெட்டான மோட்டோரோலா ஸூம் விற்பனை பிப்ரவரி 24. நடுவுல ரெண்டே நாள்! முதல் நாள் அதுக்குன்னு ஆப் விரல் விட்டு எண்ணுற அளவுக்கு இருந்ததுல ஆச்சரியமே இல்ல, டெவலப்பர்கள குத்தம் சொல்லியும் பிரயோஜனமில்ல.

பிளாக்பெர்ரி ப்ளேபுக் கதை வேற மாதிரி. 2010 செப்டம்பர் 27-ல அறிவிப்பு, 2011 ஏப்ரல் 19-ல விற்பனை, கிட்டத்தட்ட ஏழு மாச டைம். முதல்ல குடுத்தது அடோபி கம்பெனியோட ஏர்ல எழுதுற எஸ்டிகே, கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டுற விஎம்வேர்ல ஓடுற சிமுலேட்டர், கூடவே விற்பனைக்கு முன்னாடி ஆப் அப்ரூவ் ஆனா ஒரு ப்ளேபுக் ஃப்ரீன்னு தூண்டில். அந்தச் சலுகைய நான் குறை சொல்ல மாட்டேன், ஆனா ஃப்ரீ சாதனத்துக்காக எழுதின ஆப்ப யார் வாங்குவாங்கங்கற கேள்வி அப்படியே நின்னுச்சு. சாதனமோ, பிளாக்பெர்ரி போன் பக்கத்துல இல்லாம மெயில் ஆப் கூட இல்லாமத்தான் வந்துச்சு.

ஹெச்பி டச்பேட் இன்னும் கொடுமை. 2011 ஜூலை 1-ல வந்து ஆகஸ்ட் 18-ல நிறுத்திட்டாங்க, அப்புறம் 99 டாலருக்கு தள்ளிவிட்டாங்க. முன்கூட்டியே எழுதினவங்க உழைப்பு போச்சா? முழுசா இல்ல. அதுல ஆப் எழுத குடுத்த எனியோ ஃப்ரேம்வொர்க் வெப்சைட் எழுதுற மாதிரி வெப் கோட் தான், கம்ப்யூட்டர் ப்ரவுசர்லயே ஓடும், அடுத்த வருஷம் யார் வேணா எடுத்துப் பயன்படுத்துற ஓப்பன் சோர்ஸும் ஆச்சு. அந்த சாதனத்த மட்டும் நம்பாம எழுதினவங்களுக்கு மிச்சம் ஏதோ இருந்துச்சு.

அதனால என் கணக்கு இப்படி. ஆப்ல விரலுக்கு எவ்ளோ வேலைன்னு மொதல்ல பாப்பேன். செய்தி, அகராதி, கணக்குப் புத்தகம் மாதிரி படிக்கிற, நிரப்புற ஆப்னா சிமுலேட்டர் போதும், முதல் நாளே போயிடலாம், படத்த மட்டும் கஞ்சத்தனமா லோட் பண்ணணும். வரையறது, வாசிக்கிறது, கேம் இதெல்லாம்னா தரவு, நெட்வொர்க், சேமிப்பு எல்லாத்தையும் முன்னாடியே முடிச்சு வெச்சுட்டு, தொடுற பகுதிய மட்டும் சாதனம் வந்தப்புறம் ஒரு ரெண்டு வாரம் உக்காந்து செய்வேன். கம்பெனி எத்தன நாள் தாக்குப் பிடிக்கும்னு சந்தேகம் வந்தா வெப் கோட் தான்.

போனுக்கும் டேப்லெட்டுக்கும் ஒரே ஆப்பா, தனித்தனியாங்கற சண்டை மிச்சம் இருக்கு. வாங்குறவனுக்கு ஒரே ஆப் தான் நல்லது, ஒரு தடவ காசு குடுத்தா ரெண்டுலயும் ஓடும். ஆனா சாதனத்துல தொட்டுப் பாக்காத கோட அதே பைனரில, அதாவது ஸ்டோர்ல போற அதே ஆப் ஃபைல்ல, சேத்தா, டேப்லெட்டே வாங்காத பழைய போன் ஆளுங்க தலையிலயும் அந்த அப்டேட் போய் விழும். நான் தனியா தான் விடுவேன், பின்னாடி ஒண்ணாக்கும்போது தனியா காசு குடுத்து வாங்கினவங்க கேக்கிற கேள்விக்கு பதில் சொல்லித்தான் ஆகணும்னு தெரிஞ்சே.