புயலில் ஊறிய பழைய பள்ளிச் சுவர்: சிமென்ட்டா, சுண்ணாம்பா?

கூரை பறந்த பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் ஒரே அவசரம்தான்: சுவரைப் பூசு, வகுப்பைத் தொடங்கு. அதனால்தான் முதலில் சிமென்ட் மூட்டை வந்து இறங்குகிறது. மறுநாளே இறுகிவிடும், எந்தக் கொத்தனாருக்கும் பழகிய வேலை. ஆனால் ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஆறு பங்கு (1:6) என்று மணலை ஏற்றிக் கலந்தாலும் மிருதுவான பழைய செங்கல்லைவிட அது கெட்டி.

அந்தக் கெட்டித்தனமே வினை. சுவர்க் கனத்தில் 25 மி.மீ. உலர ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு, 450 மி.மீ. சுவருக்கு ஒன்றரை ஆண்டு. நடுவில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகி, செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பாளம் பாளமாகப் பெயர்க்கும். அப்புறம் சிமென்ட்டைக் கொத்தி எடுக்கப் போனால் மிச்சமிருக்கும் செங்கல்லும் உடையும்.

சுண்ணாம்புச் சாந்து (சுண்ணாம்பு 1, மணல் 3) ஈரத்தை வெளியே விடும். ஆனால் பொறுமை வேண்டும். ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம். ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெல்ல உலர்த்த வேண்டும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுக முடியாமல், விரலால் தேய்த்தாலே மாவாக உதிரும். ஒரு துண்டை உடைத்து பினாப்தலீன் (காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் சோதனைத் திரவம்) சொட்டு விட்டுப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பானால் இன்னும் இறுகவில்லை.

செங்கற்களுக்கு இடையே காற்றுப் படாத ஆழமான மூட்டுகளுக்கு வெறும் சுண்ணாம்பு போதாது. சுண்ணாம்பு 1, செங்கல் தூள் 1, மணல் 2 என்ற சுர்க்கிக் கலவை ஈரத்திலும் இறுகும். தூள், குறைந்த சூட்டில் வெந்த செங்கல்லாக இருக்கட்டும். அதிகம் வெந்தது வெறும் மணலுக்குச் சமம். மூட்டிலுள்ள பழைய சாந்தை, மூட்டின் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழத்துக்கு உளியால் சுரண்டுங்கள். அறுக்கும் கிரைண்டர் வைத்தால் செங்கல் விளிம்பு போச்சு.

எங்கள் தேர்வு சுண்ணாம்புதான், அதுவும் உடனே அல்ல. கூரையை மூடி, ஆடும் கற்களைச் சுர்க்கியில் பதித்து, சுவர் உறுதியாக நிற்கிறது என்று பொறியாளர் பார்த்துச் சொன்னதும், பூசாத சுவரோடே வகுப்பு நடத்தலாம். பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டால் மறுபடி உள்ளே போகும். சுவர் உலர்ந்து பூசியபின் ஈரத்தை அடைக்கும் பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். சுண்ணாம்பால் வெள்ளையடிப்பதே சரி.